தோள் மாறிய துண்டு

குற்றாலத்துப் பேரருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் குத்தாலிங்கத்துக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. போன ஆனியில் மூன்று நாள் தொடர்ந்து தேய்த்துக்கொண்ட ஆள் இந்த ஆனியில் எதிரே வந்து சிரித்தால், மரியாதைக்கு ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு யாரென்று தெரியாமல் முழிப்பார். அதே ஆள் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தால் போதும். ஊர், தொழில், போன வருஷம் சொல்லி அழுத இடுப்புவலி எல்லாம் வரிசையாக வந்துவிடும். எண்ணெய் தேய்க்கிறவருக்கு உலகத்தின் முதுகுதான் பழக்கம், முகம் அப்புறம்தான்.

இப்படிப்பட்ட மனிதர் போயும் போயும் ஒரு முகத்தை வரைவதற்காகப் பதினோரு வருஷம் பாடுபட்டார். அதுவும் செத்துப்போன ஒருவரின் முகத்தை.

செத்தவர் அவருடைய அண்ணன் பலவேசம். தம்பியை இந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். இலஞ்சியில் வீடு. விடிந்ததும் எண்ணெய்த் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் குற்றாலத்துக்கு நடப்பார்கள். பலவேசம் போடுகிற எட்டுக்கு யாராலும் பக்கத்தில் சேர்ந்து நடக்க முடியாது. ஆகவே அண்ணன் முன்னால், தம்பி பத்தடி பின்னால். பத்துப் பன்னிரண்டு வருஷம் இதே கதைதான். சீசன் இல்லாத மாதங்களில் சனிக்கிழமைதோறும் ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். ஊரார் உடம்பையெல்லாம் பிடித்துவிட்டு இவர்கள் உடம்பை யார் பிடிப்பது?

1950 ஐப்பசி மழையில் பலவேசத்துக்கு விஷக்காய்ச்சல் கண்டது. எட்டே நாளில் ஆள் போய்விட்டார். அவர் மனைவி பேச்சித்தாய் அப்போது நிறைமாதம். நாற்பது நாள் கழித்துப் பெண்குழந்தை பிறந்தது. குற்றாலத்து அம்மன் பெயரையே குழல்வாய்மொழி என்று வைத்தார்கள். கூப்பிட நீளமாக இருந்ததால் ஒரே மாதத்தில் அது மொழி என்றாகிவிட்டது.

பலவேசத்தை யாரும் போட்டோ பிடித்ததில்லை. தென்காசியில் ஸ்டூடியோ இருந்தது. சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சித்தாய் கேட்டபோதெல்லாம், சீசன் முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தியவர் அவர். இறந்த அன்றைக்காவது ஒரு படம் பிடித்து வைப்போமென்று ஆள் அனுப்பினார்கள். கொட்டுகிற மழையில் போட்டோக்காரர் வர மறுத்துவிட்டார்.

மொழிக்கு ஆறு வயது ஆனபோது, கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் வீட்டில், மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மாவிடம் கேட்டால் அழுவாள் என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. நேரே சித்தப்பாவிடம் வந்து, எங்க அப்பா எப்படி இருப்பாரு என்று கேட்டாள். என்னை மாதிரிதான் இருப்பாரு, கொஞ்சம் உசரம் என்றார் குத்தாலிங்கம். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. படமாக எழுதிக் காட்டச் சொன்னாள்.

அவர் அடுப்புக்கரி ஒன்றை எடுத்து வீட்டின் பின்சுவரில் வரைந்தார். வாழ்க்கையில் அதுதான் முதல் படம். பூசணிக்காய்க்குக் கண் திறந்து மீசை வைத்தது போல் வந்தது. மொழி சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஏன் காது இல்லை என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பூசணிக்காய் முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அண்ணனுக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை யாராலும் செய்திருக்க முடியாது என்று நினைத்தார். அவசர அவசரமாகச் சுவரைக் கழுவினார். பிள்ளை அழுதது. அதைச் சமாதானப்படுத்த ஒரு வாக்குக் கொடுத்தார்.

“உங்க அப்பாவ அச்சு அசலா எழுதித் தாறேன். அழாத.”

நல்லா எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அச்சு அசல் என்ற அந்த வார்த்தைதான் பதினோரு வருஷம் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

எண்ணெய் வாங்கத் தென்காசியில் பரீது கடைக்குப் போவார். சரக்குச் சுற்றிவரும் பழுப்புத்தாளைப் பரீது இவருக்காகச் சுருட்டி எடுத்துவைப்பார். எண்ணெய் வாங்க வருகிறீரா, தாள் வாங்க வருகிறீரா என்று கேலி வேறு. பிறகு பென்சில் வந்தது. பென்சிலோடு ரப்பரும் வந்தது. குத்தாலிங்கத்தைக் கெடுத்தது அந்த ரப்பர்தான் என்று நான் சத்தியமே செய்வேன்.

ஒரு கண்ணை வரைவார். அதைச் சரிபண்ண ஒரு வாரம். கண் தேறியதும் மூக்குக்கு வருவார். மூக்கு கோணும், அழிப்பார். மூக்கு நேரானதும் கண் பெரிதாகத் தெரியும், அதையும் அழிப்பார். தாளில் மூக்கு இருக்கவேண்டிய இடம் நைந்து ஓட்டை விழும். அண்ணனை அடுத்த தாளில் முதலிலிருந்து தொடங்குவார். இத்தனை வருஷத்தில் கண், மூக்கு, வாய் மூன்றும் ஒரே தாளில் ஒன்றாகச் சேர்ந்து நின்றதே இல்லை. ஒரு தாளையும் மொழியிடம் காட்டியதில்லை. அவள் கேட்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் பாக்கி என்பார்.

இதில் கொடுமை ஒன்று இருந்தது. அழித்து அழித்து வரைந்ததில், உள்ளே இருந்த முகமும் தேய்ந்துகொண்டே வந்தது. எது அண்ணனின் மூக்கு, எது தான் போன மாதம் போட்டுப் பார்த்த மூக்கு என்று அவருக்கே குழம்பிவிட்டது. அவருடைய மனைவி உலகம்மாளிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இன்னொரு வேலையும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. அதை அவர் வேலையென்றே நினைக்கவில்லை. சீசன் நாட்களில் மத்தியானம் கூட்டம் குறையும். அப்போது கை சும்மா இருக்கவேண்டாமே என்று, காலையில் தேய்த்துக்கொண்டு போனவர்களின் முதுகுகளைத் தாளில் போட்டுப் பார்ப்பார். கரிதான். ரப்பர் கிடையாது. அந்த ஆட்கள் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறி எப்போதோ ஊர் போயிருப்பார்கள். சரியாக வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, கேட்க ஆளில்லை.

முதல் இரண்டு சீசன் வரைந்த முதுகெல்லாம் கதவுப்பலகை மாதிரி இருந்தன. மூன்றாவது சீசனில் ஒருநாள், ஒருவர் அரப்புத் தேய்க்கக் கையைத் தூக்கியபோது தோள்பட்டை எலும்பு இவர் கட்டைவிரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. ஆயிரம் தடவை விரல் அறிந்த சங்கதி அது. ஆனால் அன்றைக்குத்தான் அவர் அதை யோசித்தார். கை தூக்கினால் எலும்பு நகரும், எலும்பு நகர்ந்தால் சதை மடியும், அப்படியானால் கோடும் அங்கே மடியவேண்டும். மத்தியானம் அப்படியே போட்டுப் பார்த்தார். பலகை உயிர் கொண்ட மாதிரி இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஆளும் அவருக்குப் பாடம். முதுகுத்தண்டு கோடு இல்லை, இரண்டு வரப்புக்கு நடுவே ஓடும் வாய்க்கால். கழுத்து பானை மாதிரி மேலே உட்காரவில்லை, முன்னால் சாய்ந்து வருகிறது. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். அங்கே என்ன கட்டியா என்று வந்தவர்கள் பயந்து கேட்பார்கள். ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எலும்பு எங்கன போகுதுன்னு பாத்தேன் என்பார்.

விரலுக்குத் தெரிந்தது கரிக்கு வந்து சேர ஆறேழு வருஷம் ஆனது. வந்த தாள்களை உலகம்மாள்தான் ஒரு கட்டாகக் கட்டி, நெல் கொட்டிவைக்கும் குலுக்கைக்கு மேலே போட்டு வைத்தாள்.

1968இல் மொழிக்கு மாப்பிள்ளை அமைந்தது. சுந்தரபாண்டியபுரத்துப் பையன், அரிசி மில்லில் வேலை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். மணவறைக்குப் போகும் முன் பெண் அப்பா காலில் விழவேண்டும். அப்பா இல்லாத பெண் அப்பா படத்தின் முன் விழுவாள். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சேலை எந்த நிறத்தில் எடுக்கலாம் என்று கேட்டபோது, எந்த நிறமானாலும் சரி என்றவள், சித்தப்பா பக்கம் திரும்பி, படம் முடிஞ்சிருமா என்று மட்டும் கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவருக்கு அது அப்படி உறுத்தியது.

இனிமேல் தள்ளிப்போட வழியில்லை. அண்ணன் முகமோ முக்கால்வாசி மறந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லுமே? சவரக்கண்ணாடியைச் சன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டார். தன் முகத்தைப் பார்த்து, கன்னத்தைக் கொஞ்சம் ஒடுக்கி, மீசையைக் கொஞ்சம் முறுக்கி, இருபது நாளில் ஒரு முகத்தை முழுதாக முடித்துவிட்டார். கண், மூக்கு, வாய் மூன்றும் ஒரே தாளில். அந்தச் சந்தோஷத்தில் காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த வீட்டில் இருந்த மதினியிடம் எடுத்துக்கொண்டு ஓடினார்.

பேச்சித்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு சட்டென்று அதைத் திருப்பிப் பாயில் வைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

“தம்பி, இது நீங்கல்லா.”

அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஓடியபோது தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிற கொழுந்தன் படத்துக்கு மாலை போட்டு, புருஷன் என்று சுவரில் மாட்டி, மதினி விளக்கேற்றிக் கும்பிடுவதா? ஊர் என்ன சொல்லும், எமன்தான் என்ன நினைப்பான்? தாளைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டார்.

விஷயத்தைக் கேட்டு உலகம்மாள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் நிறுத்தினாள். மொழிக்கு நான் பொய் சொல்லிவிட்டேன், பதினோரு வருஷமாக அந்தப் பிள்ளையை ஏமாற்றிவிட்டேன் என்றார் அவர். அண்ணன் இறந்த அன்றைக்குப் பிறகு அவர் அழுது உலகம்மாள் பார்த்ததில்லை.

அவள் எழுந்து போய்க் குலுக்கை மேலிருந்த கட்டை எடுத்துவந்து அவர் முன்னால் பிரித்தாள். மேலே கிடந்ததை எடுத்து, இது தாலுகா ஆபீஸ் பெரியவர்தானே என்றாள். அடுத்தது கடையநல்லூர் தறிக்காரர், வலது தோள் இறங்கியிருக்கிறது பார் என்றாள். இன்னொன்றைப் பார்த்து, இது பரீது பாய் என்றாள். ஒரு தாளிலும் முகம் கிடையாது. தனக்குத் தெரிந்த ஆட்களை எல்லாம் அவள் அடையாளம் சொன்னாள். குத்தாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். வேறு யாரோ வரைந்த மாதிரி இருந்தது அவருக்கு.

இதில் ஒரு கோடாவது அழித்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்.

“எண்ண தேய்க்கையில கை ஒரு இடத்துல தப்பிப் போச்சுன்னா, தொடச்சிட்டு மறுபடியும் முதல்லருந்தா தேய்க்குதிய? அடுத்த தடவல்ல சரிபண்ணிட்டுப் போறியல்லா? இங்கன மட்டும் என்னத்துக்கு ரப்பரு?”

அந்தக் கேள்வி அவருக்கு உள்ளே போய்விட்டது.

ஆடியில் ஒருநாள் அருவியில் தண்ணீர் காட்டுத்தனமாக வந்து, குளிக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். வேலையில்லை. வெளியே சாரல். குத்தாலிங்கம் ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்துக் கரியை எடுத்தார். முகத்தை நினைக்கவே இல்லை. இலஞ்சி ரோட்டில் பத்தடி முன்னால் போகிற ஆளை நினைத்தார். கையை விட்டுவிட்டார்.

முதல் கோட்டிலேயே இடது கால் நீண்டுவிட்டது. கை தானாக ரப்பரைத் தேடியது. வைத்த இடத்தில் இல்லை. அதை உலகம்மாள் காலையிலேயே எடுத்து மடியில் செருகிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சரி கிடக்கட்டும் என்று பக்கத்தில் இன்னொரு கோட்டைப் போட்டார். இரண்டு கோடும் சேர்ந்து, எட்டி வைக்கிற கால் மாதிரி ஆகிவிட்டது. அடுத்து இடுப்பு. அடுத்து, சனிக்கிழமை சனிக்கிழமையாக எண்ணெய் தேய்த்த அந்த அகன்ற முதுகு. கண்ணுக்கு மறந்துபோன மனிதர் கைக்கு அப்படியே இருந்தார். இளவயதில் நெல்மூட்டை சுமந்து பிடரியில் தடித்துப்போயிருந்த இடத்துக்கு வந்தபோது, கட்டைவிரலுக்கு அடியில் அந்தத் தடிப்பு நிஜமாகவே தட்டுப்பட்டது போலிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி அழுதார். பிறகு தூக்குவாளியை ஒரு கையில் கொடுத்து, தோளில் துண்டைப் போட்டார். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் படம் முடிந்துவிட்டது.

இந்தத் தடவை ஓடவில்லை. பயந்துகொண்டே நடந்துபோய் மதினி முன்னால் விரித்தார்.

பேச்சித்தாய் குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். நடக்கும்போது வலது கை இப்படித்தான் வெளியே வீசும் என்றாள். ஒருநாளும் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதில்லை, இப்படியேதான் போவார்கள் என்றாள். சொல்லச் சொல்லக் கண்ணிலிருந்து கொட்டியது, ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னும் கிட்டத்தில் குனிந்தாள்.

துண்டு வலது தோளில் கிடக்கிறதே, அவர்கள் எப்போதும் இடது தோளில்தான் போடுவார்கள் என்றாள்.

குத்தாலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. அச்சு அசல் என்ற பழைய பேய் திரும்பவும் வந்து ஏறிக்கொண்டது. கொடுங்க மதினி, வேறே எழுதிக் கொண்டுவாறேன் என்று தாளுக்குக் கையை நீட்டினார். பேச்சித்தாய் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சேலையெல்லாம் கரி.

“துண்டுதான் தம்பி மாறியிருக்கு. ஆளு அவியதான்.”

தென்காசியில் கொடுத்துக் கண்ணாடி போட்டு வாங்கினார்கள். மொழி அதை வாங்கி வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முதல்நாள் தானே ஆணியடித்துக் கூடத்தில் மாட்டினாள். பொட்டு வைக்கும்போதுதான் பெண்களுக்குள் ஒரு குழப்பம் வந்தது. நெற்றி இல்லாத படத்துக்குச் சந்தனத்தை எங்கே வைப்பது? கடைசியில் சட்டத்தின் நான்கு மூலையிலும் வைத்துச் சமாளித்தார்கள்.

பெரிய குழப்பம் முகூர்த்தத்தன்று வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வல்லிநாயகம், நாலு பேர் மதிக்கிற மனிதர். பெண்ணைப் படத்தின் முன் நிறுத்தியபோது அவர் படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொன்னார்.

“என்னய்யா இது? முதுகக் காட்டிட்டுப் போற மனுசன் முன்னால பிள்ள விழுந்து எந்திரிச்சா நல்லாவா இருக்கும்?”

முதுகு காட்டுவதென்றால் கைவிட்டு ஓடுவதென்றுதானே அர்த்தம்? இது ஒருவருக்கும் முன்னால் தோன்றவில்லை. ஒரு குத்துவிளக்கை வைத்து அதன் முன்னால் விழச்சொல்லலாமே என்றது ஒரு குரல். பேச்சித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் கல்யாணத்தைத் தானே கெடுத்துவிட்டோம் என்று குத்தாலிங்கத்துக்குத் தோன்றியது. படத்தைக் கழற்றிவிடலாம் என்று அவரே முன்னால் வந்துவிட்டார்.

மொழி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். கல்யாணப்பெண் பேசக்கூடாதுதான். ஆனாலும் பேசினாள். சத்தம் போடவில்லை.

“முன்னால நடக்கிறவிய முதுகுதான மாமா நமக்குத் தெரியும்?”

சொல்லிவிட்டு விழுந்து கும்பிட்டாள். வல்லிநாயகம் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த பட்டுத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாலையைக் கொண்டாங்க என்றார். அவர்தான் படத்துக்கு மாலை போட்டார்.

மறுநாள் மொழி புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது, கொடுத்த பாத்திரம் பண்டத்தை எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. அவள் மட்டும் கூடத்தில் நின்றுகொண்டு நகரவில்லை. இதை நான் கொண்டுபோகட்டுமா என்று படத்தைக் காட்டி அம்மாவிடம் கேட்டாள். பேச்சித்தாய் உடனே தலையை ஆட்டிவிட்டாள். ஆனால் வண்டி போன பிறகு வந்து, வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் போய்விட்டார் அவர்.

குத்தாலிங்கம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. பதினோரு வருஷத்தில் ஒரு படத்துக்கு அவர் நாள் குறித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தாறேன், மதினி.”